ஹோம்ஸ் கையில் கைபேசி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த என் தாய்மாமா, பழுப்புத் தாளில் அட்டை போட்டு வைத்திருந்த புத்தகம் ஒன்றே ஒன்றுதான். ஆர்தர் கானன் டாயிலின் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள், 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் சேர்ந்த கனமான தொகுதி. மலாயா ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தவர் அவர். இரவுப் பணியில் ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வருவதற்குள் கிடைக்கும் நேரத்தில் படித்துப் படித்தே அந்தக் கதைகளை மனப்பாடம் ஆக்கியிருந்தார். எந்தக் கதையில் ஹோம்ஸ் எந்த நிலையத்தில் வண்டி ஏறினார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தன் வேலைக்கும் ஹோம்ஸுக்கும் உள்ள அந்தத் தொடர்பில் அவருக்குத் தனிப் பெருமை.

கிள்ளானில் எங்கள் வீட்டுக் காற்று வேறு. அப்பாவும் அண்ணனும் தமிழ்வாணன் வாசகர்கள். கல்கண்டு இதழும் சங்கர்லால் நாவல்களும் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். வந்த பிறகு பல கைகள் மாறி எங்கள் வீட்டுக்கு வரும்போது அட்டை இருக்காது, சில சமயம் கடைசிப் பக்கமும் இருக்காது. தேநீர் குடித்துக்கொண்டே வழக்கை யோசிக்கும் சங்கர்லாலும், கத்தரிக்காய் என்று பெயர் வைத்துக்கொண்ட அவருடைய உதவியாளரும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போனால் போதும், லண்டன்காரர் கெட்டிக்காரரா சென்னைக்காரர் கெட்டிக்காரரா என்று அண்ணனும் மாமாவும் ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு பக்கத்தையும் படித்தவள் நான் என்பதால் சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்தப் பழைய வழக்குக்கு 2010ஆம் ஆண்டுக் கடைசியில் புது உயிர் வந்தது. இங்கிலாந்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாமாவின் பேரன் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் ஒரு டிவிடித் தொகுப்பைக் கொண்டு வந்தான். பிபிசி அந்த ஆண்டு ஜூலை 25ஆம் தேதி ஒளிபரப்பத் தொடங்கிய ‘ஷெர்லக்’. ஸ்டீவன் மொஃபட், மார்க் கேட்டிஸ் இருவரும் உருவாக்கியது. பெனடிக்ட் கம்பர்பேட்ச் ஹோம்ஸ், மார்ட்டின் ஃப்ரீமன் டாக்டர் வாட்சன். ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், ஒரு பருவத்துக்கு மூன்றே பகுதிகள். கதை நடப்பது குதிரை வண்டிக் காலத்து லண்டனில் அல்ல, நம் காலத்து லண்டனில்.

அந்த அக்டோபர் 27ஆம் தேதிதான் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமர் நஜிப்பும் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்திருந்தார்கள். துன் சம்பந்தன் சாலையில் வண்ண வண்ண வளைவுகளும் புதிய நீரூற்றும் வந்திருந்தன. மாமா தினமும் நடந்த தெருவே புது உடுப்பு மாட்டிக்கொண்டு நின்ற நாட்கள் அவை. இருந்தாலும் பூக்கட்டுபவர் அதே பூக்கட்டுபவர், வடை போடுபவர் அதே கைதான் என்று சொல்லிக்கொண்டு மாமா நடையை நிறுத்தவில்லை. ஆனால் தன் ஹோம்ஸை யாரோ புது உடுப்பில் காட்டப் போகிறார்கள் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு ஹோம்ஸ் என்றால் கிரனாடா தொடரில் 1984 முதல் 1994 வரை நடித்த ஜெரமி பிரெட். அந்த வீடியோ நாடாக்கள் தேய்ந்து கோடு விழும்வரை பார்த்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான், அண்ணன், அண்ணன் மகள் மூவரும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி மாமா வீட்டுக்குப் போனோம். அவள் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவி. மாமாவுக்குச் சர்க்கரை இல்லாத தே ஓ, எங்களுக்குத் தே தாரிக், நடுவில் வடைத் தட்டு. மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, பார்க்க மாட்டேன் என்கிற பாவனையில் உட்கார்ந்தார்.

முதல் காட்சியிலேயே அவர் நாற்காலி முன்னால் வந்துவிட்டது. ஆப்கானிஸ்தான் போரில் காயம்பட்டு லண்டன் திரும்பிய இராணுவ மருத்துவர் வாட்சன், கெட்ட கனவில் விழித்து எழுகிறார். 1887இல் வெளிவந்த முதல் நாவலிலும் வாட்சன் ஆப்கானிஸ்தானில் குண்டடி பட்டுத்தான் வருகிறார். 1880இல் மைவாண்ட் என்ற இடத்தில் நடந்த சண்டை அது. மாமா மெதுவாகச் சொன்னார். “நூத்திமுப்பது வருசமாச்சு. இன்னும் அதே நாட்டுலதான் இவங்க சுட்டுக்கிட்டிருக்காங்க. கதைய மாத்தவே தேவையில்லாம போச்சு பாரு.” நாங்கள் யாரும் பேசவில்லை. பொழுதுபோக்குக்காகப் போட்ட தொடர் ஒரு நொடியில் கனத்துப்போனது.

அடுத்து வந்தது கைபேசி. ஹோம்ஸ் வாட்சனின் கைபேசியை வாங்கிப் பார்க்கிறார். விலை உயர்ந்தது, வேலை தேடும் மனிதர் வாங்கக்கூடியதல்ல, ஆகவே யாரோ கொடுத்தது. பின்புறம் பெயர் பொறித்திருக்கிறது. மின்னூட்டக் கம்பி செருகும் துளையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கீறல்கள். இரவு இரவாகக் கை நடுங்கச் செருகியவருடைய கைபேசி இது, குடிப்பழக்கம் உள்ளவர் என்கிறார். மாமா சட்டென்று எழுந்தார். “நிறுத்து, நிறுத்து” என்று அலமாரிக்குப் போய் அந்தக் கனத்த தொகுதியை எடுத்து வந்தார். 1890இல் வந்த இரண்டாவது நாவலில் அதே காட்சி. அங்கே அது தங்கக் கடிகாரம். சாவி கொடுக்கும் துளையைச் சுற்றிக் கீறல்கள், மூடியின் உட்புறம் அடகுக்கடைக்காரர் ஊசியால் குத்திய எண்கள். வாட்சனின் அண்ணன் குடித்தே அழிந்தவர் என்று அதை வைத்து ஹோம்ஸ் சொல்கிறார். மாமா அந்தப் பக்கத்தை ஆங்கிலத்தில் வாசித்து, எங்களுக்குத் தமிழில் சொன்னார். அண்ணன் மகள் தன் கைபேசியைத் திருப்பி, துளையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் கைபேசியைக் கேட்டு வாங்கினாள். அதில் நிறையக் கீறல்கள். “துறைமுகத்துல லாரிக்குள்ள உக்காந்து இருட்டுல சார்ஜ் போடுறது அது” என்று அண்ணன் சொன்னதும், மாமா, “பாத்தியா, அதே கீறலுக்கு வேற காரணம். அதையும் யோசிக்கணும்” என்றார்.

அந்த நொடியில் எனக்குப் புரிந்தது இன்றுவரை மாறவில்லை. ஹோம்ஸின் தொப்பியும் புகைக்குழாயும் மூடுபனியும் நமக்குத்தான் பழமை. டாயிலின் வாசகருக்கு அவர் அன்றைய நவீன மனிதர். ஒரே நாளில் பல தந்தி அனுப்புவார், ரயில் அட்டவணையை விரல் நுனியில் வைத்திருப்பார், நாளிதழின் விளம்பரப் பத்தியில் ஆள் தேடுவார், ஆய்வுக்கூடத்தில் இரத்தக் கறைக்குச் சோதனை கண்டுபிடிப்பார். தந்தி குறுஞ்செய்தியாகவும் கடிகாரம் கைபேசியாகவும் மாறியபோது, நூறாண்டு நாம் பூசி வைத்திருந்த மூடுபனி விலகி, முதல் வாசகர் பார்த்த ஹோம்ஸ் தெரிந்தார்.

மாமா அதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அன்று இரண்டு முறை அவர் உரத்துப் பேசினார். முதல் முறை, கொலைகாரர் யாரென்று. “டாக்சிக்காரன்மா. மூல நாவல்லயும் வண்டியோட்டிதான்” என்று பாதியிலேயே சொல்லிவிட்டார். “தாத்தா, கதைய சொல்லாதீங்க தாத்தா!” என்று அண்ணன் மகள் கத்தினாள். இரண்டாவது முறை, இறந்து கிடக்கும் பெண் தரையில் நகத்தால் கீறியிருந்த ஐந்து எழுத்துகளைப் பார்த்து. மூல நாவலில் அந்த எழுத்துகள் இரத்தத்தால் சுவரில் எழுதப்பட்டிருக்கும். ரேச்சல் என்ற பெயரை எழுத வந்து பாதியில் நின்றது என்று காவல் அதிகாரி சொல்வார், இல்லை, அது ஜெர்மன் மொழியில் பழிவாங்கல் என்று ஹோம்ஸ் திருத்துவார். மாமா அதைச் சொல்லத் தொடங்கும்போதே திரையில் தடயவியல்காரர் ஒருவர் அதையே சொன்னார். ஹோம்ஸ் கதவை அவர் முகத்தில் சாத்திவிட்டு, அந்தப் பெண் எழுத வந்தது ரேச்சல் என்றார். மாமாவின் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு சிரித்தார், வெகு நேரம். “என்னை மாதிரி ஆளுங்க பாப்பாங்கன்னு தெரிஞ்சே வச்சிருக்கான்” என்றார். படித்தவருக்கென்று ஒரு விருந்தும் படிக்காதவருக்கென்று ஒரு விருந்தும் ஒரே இலையில் பரிமாறப்பட்ட மாலை அது.

ஆனால் ஒரு குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. மரியாதை. டாயிலின் ஹோம்ஸ் உதவி கேட்டு வரும் பெண்ணுக்குக் கணப்படுப்பின் அருகில் நாற்காலி போடச் சொல்வார், நடுங்கும் ஆளுக்குச் சூடான காப்பி வரவழைப்பார். தொலைக்காட்சி ஹோம்ஸ் எதிரில் இருப்பவர்களை முட்டாள் என்கிறார், பிணவறையில் வேலை செய்யும் மோலியின் மனத்தைக் கூட்டத்தின் நடுவே புண்படுத்துகிறார். “அவர் அப்படிப் பேச மாட்டாரும்மா. அவர் ஜென்டில்மேன்” என்பார் மாமா. “தாத்தா, அவன் பொய் பேச மாட்டான், அவ்வளவுதான். எங்க கிளாஸ்லயும் அப்படி ஒருத்தன் இருக்கான். அவனுக்கு ஃப்ரெண்டே இல்ல. இவனுக்காவது வாட்சன் இருக்கான்” என்பாள் அண்ணன் மகள். அவள் அந்தத் தொடரில் பார்த்தது துப்பறிதலைவிட நட்பை. எல்லாரும் ஒதுக்கும் ஒரு மனிதனை இன்னொருவன் ஒதுக்காமல் இருப்பதை. மாமா அதைக் கேட்டுச் சற்று யோசித்து, “வாட்சனை முட்டாளா காட்டாம விட்டாங்க, அது நல்லது” என்று ஒரு படி இறங்கி வந்தார். பழைய படங்கள் பலவற்றில் வாட்சன் சிரிப்பு மூட்ட வரும் மந்தபுத்திக்காரர். அது டாயிலுக்குச் செய்த அநியாயம் என்பது மாமாவின் நெடுநாள் வருத்தம்.

அந்த முதல் பருவத்தின் இரண்டாம் பகுதியை நான் கிள்ளானில் என் சீனத் தோழியோடு மறுபடி பார்த்தேன். ஒரே பள்ளியில் பல ஆண்டு பாடம் நடத்தியவர்கள் நாங்கள். அவள் கணக்கு, நான் ஆங்கிலம். லண்டன் வங்கி ஒன்றின் சுவரில் மஞ்சள் சாயத்தில் விசித்திரமான குறிகள். ஹோம்ஸ் சீனர் கடைவீதியில் அலைந்து அவை பழைய சீன வணிக எண்கள் என்று கண்டுபிடிக்கிறார். அவர் கண்டுபிடிப்பதற்கு முன்பே என் தோழி கையைத் தட்டினாள். கிள்ளானில் அவளுடைய அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர். இழுப்பறைகளில் வேர்களும் பட்டைகளும், விலைச் சீட்டுகளில் இந்தச் சூச்சோ எண்கள். ஒன்று, இரண்டு, மூன்றுக்கு நேர்க்கோடுகள், நாலுக்குப் பெருக்கல் குறி. சிறுமியாக இருக்கும்போது அப்பாவின் மடியில் உட்கார்ந்து படித்ததைக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். லண்டன் தொடர் ஒன்று தன் அப்பாவின் கடைக்குள் வந்து நின்றதில் அவள் கண் பளபளத்தது.

படம் முடியும்போது அந்த முகம் இல்லை. அந்தப் பகுதியில் வரும் சீனர்கள் ஏறக்குறைய எல்லாரும் கடத்தல் கும்பல், சர்க்கஸ், கொலை. நல்லவளாக வரும் அருங்காட்சியகப் பெண்ணும் பாதியில் கொல்லப்படுகிறாள். இந்தக் காலத்துக்குக் கொண்டு வந்தோம் என்கிறார்கள், எங்களை மட்டும் ஏன் அந்தக் காலத்திலேயே விட்டுவிட்டார்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. நமக்கும் அதே பாக்கி இருக்கிறது. கடிகாரக் காட்சி வரும் அதே 1890 நாவலில் ஆக்ராப் புதையலும் அந்தமான் தீவுக்காரர் ஒருவரும் வருகிறார்கள். அந்த மனிதரை டாயில் மிருகத்தைப் போல வர்ணித்திருப்பார். எங்களுக்குச் சிறு வயதில் கதை சொல்லும்போது மாமா அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுவார். ஏன் என்று பின்னாளில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். பிபிசிக்கு முன்பே பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரயில்வே எழுத்தர் ஹோம்ஸைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார், வாயால். 2014 ஜனவரியில் வந்த ‘ஷெர்லக்’ பகுதியில் அந்த நாவலின் ஷோல்டோ, ஜோனதன் ஸ்மால் என்ற பெயர்கள் இருந்தன. ஆக்ராப் புதையலும் இல்லை, அந்தமான்காரரும் இல்லை. கதை வாட்சனின் திருமண விருந்தாகிவிட்டது. அதைப் பார்த்து மாமா தலையசைத்தார். என் தோழிக்கோ 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘எலிமென்டரி’தான் பிடித்தது. அதில் வாட்சனாக வருபவர் லூசி லியூ. ஹோம்ஸுக்குச் சமமாக நின்று, தானே துப்பறிவாளராக வளரும் பெண். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதில்தான் புதுப்பிப்பவரின் மனம் தெரிகிறது.

அதே 2014இல் மாமாவின் ஊரும் இந்தக் கேள்வியில் நின்றது. 1904இல் கட்டிய விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் உயர்மாடிக் கட்டடம் எழும்பப் போகிறது என்ற செய்தி வந்ததும் பிரிக்பீல்ட்ஸ் மக்கள் திரண்டார்கள். மாமாவும் கைத்தடியோடு போய் நின்றார். ரயில்வே முற்றம் கேஎல் சென்ட்ரல் ஆனதை ஏற்றுக்கொண்டவர், வளைவுகளையும் நீரூற்றையும் ஏற்றுக்கொண்டவர், அந்தக் கட்டடத்தைத் தொடக்கூடாது என்றார். மாற்றத்தையே வெறுப்பவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. எந்தத் தூணை எடுத்தால் கூரை விழும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாம் பருவம் 2012 ஜனவரி 15ஆம் தேதி முடிந்தபோது ஹோம்ஸ் லண்டன் பார்ட்ஸ் மருத்துவமனையின் மொட்டைமாடியிலிருந்து குதித்தார். வாட்சன் கண்முன்னே விழுந்து இறந்தார், கடைசிக் காட்சியில் உயிரோடு நின்றார். எப்படிப் பிழைத்தார் என்று சொல்ல 2014 ஜனவரி 1 வரை எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு ஆண்டும் அண்ணன் மகள் வரைந்த படங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கும். வாட்சன் நின்ற இடத்திலிருந்து எது தெரியும், எது தெரியாது என்று கோணம் போட்டிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் ஹோம்ஸ் விளையாடிக்கொண்டிருந்த ரப்பர் பந்தை அக்குளில் இடுக்கினால் மணிக்கட்டில் நாடி நிற்கும் என்று சொல்லி, மாமாவின் கையிலேயே சோதனை செய்தாள். மாமாவும் பொறுமையாகக் கையை நீட்டினார்.

அப்போதுதான் மாமா எங்களுக்கு 1893ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். வரலாற்று நாவல்கள் எழுத நேரம் வேண்டும் என்று டாயில் ஹோம்ஸை ரைக்கன்பாக் அருவியில் தள்ளிக் கொன்றார். ஹோம்ஸ் கதைகள் வந்துகொண்டிருந்த ஸ்ட்ராண்ட் இதழின் வாசகர்கள் கோபத்தில் சந்தாவை நிறுத்தினார்கள், எழுத்தாளருக்குத் திட்டிக் கடிதம் போட்டார்கள். 1901இல் பாஸ்கர்வில் வேட்டைநாய் கதையில் பழைய வழக்காக ஹோம்ஸ் தலைகாட்டினார். 1903இல்தான் பிழைத்து வந்ததாக டாயில் எழுதினார். பத்து ஆண்டு. “அந்த ஆளுங்க பத்து வருசம் காத்திருந்தாங்க, நீ ரெண்டு வருசத்துக்கு அழுவுற” என்று பேத்தியைச் சீண்டினாலும், அவருடைய குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. புத்தகத்தில் மட்டுமே படித்த வாசகர் கோபத்தைத் தன் வீட்டுக்குள், ஒரு கிள்ளான் பெண்ணின் கோப்பில் பார்த்துவிட்டார்.

திரும்பி வந்த ஹோம்ஸ் எப்படிப் பிழைத்தார் என்பதை அந்தப் பகுதி உறுதியாகச் சொல்லாமலே விட்டது. பல விளக்கங்களைக் காட்டியது, பந்து விளக்கமும் அதில் இருந்தது, ஆனால் எது உண்மை என்று முடிச்சுப் போடவில்லை. அண்ணன் மகளுக்கு அது பெரிய ஏமாற்றம். 2017 ஜனவரியில் நான்காம் பருவம் வந்தபோது ஏமாற்றம் எல்லாருக்கும் பொதுவானது. யாரும் அறியாத தங்கை, தீவுச் சிறை, ஒருவர் மனத்தை இன்னொருவர் ஆட்டி வைப்பது என்று கதை எங்கோ போனது. படமாக்கிய விதம் அழகு, நடிப்பு உயர்வு. மாமா கேட்டது ஒன்றுதான். “துப்பு எங்கம்மா?”

இந்த ஏழு ஆண்டு வாக்குவாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பார்வையாளர்கள் காலத்தை மாற்றியதை மன்னித்தார்கள். உடையை, ஊர்தியை, பேச்சை, வாட்சன் ஆணா பெண்ணா என்பதை எல்லாம் மன்னித்தார்கள். மன்னிக்காதது, கீறலைப் பார்த்து மனிதரைப் படிக்கும் அந்த ஒழுங்கு காணாமல் போனதைத்தான். 1942இலேயே பேசில் ராத்போன் நடித்த படங்களில் ஹோம்ஸ் இரண்டாம் உலகப்போர் காலத்துக்கு வந்து நாஜிகளோடு மோதினார். டாயில் இறந்து 12 ஆண்டுதான் ஆகியிருந்தது. காலம் தாண்டி வருவது ஹோம்ஸுக்குப் புதிதல்ல. வந்த பிறகும் பார்வையாளர் கண்முன் துப்பை வைத்து, அவர்களையும் யோசிக்க விடுகிறாரா என்பதுதான் கேள்வி.

அண்ணனின் கேள்வி வேறு. ஒவ்வொரு ஞாயிறும் கொமுட்டரில் கிள்ளான் திரும்பும்போது அதையே கேட்பான். “நம்ம ஆளுங்களை ஏன் யாரும் இப்படி எடுக்கலை?” கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது. பண்டித நடேச சாஸ்திரி தானவன் என்ற போலீஸ் நிபுணரின் கதைகளைத் தமிழில் வெளியிட்டது 1894இல், ஹோம்ஸ் பிறந்து ஏழே ஆண்டில். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களைத் தழுவி எழுதி ஆனந்த சிங்கை உலாவ விட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘திகம்பர சாமியார்’ 1950இல் திரைப்படமாகி, எம்.என். நம்பியார் பல வேடங்களில் வந்தார். தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும் என்று வரிசை நீளம். திரைக்கு வந்தவர்களும் உண்டு. லண்டனில் நடக்கும் சுஜாதாவின் ‘பிரியா’ 1978இல் படமானபோது கதை சிங்கப்பூருக்கு வந்தது, ரஜினிகாந்த் கணேஷ் ஆனார். பாட்டுகள் கிள்ளான் முழுக்க ஒலித்தன. ஆனால் வாதாடி, யோசித்து, வசந்திடம் எரிந்து விழும் அந்த வழக்கறிஞரைத் தேடிப் போன வாசகருக்குப் படத்தில் வேலை குறைவு. சுஜாதாவுக்கே அதில் திருப்தி இல்லை.

அண்ணன் போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். ஒரு மாலை, தொடர் முடிந்த பிறகு, அவனே ஒரு பாடம் எடுத்தான். சரக்குப் பெட்டகத்தின் கதவில் முத்திரை உடையாமல், எண் மாறாமல் இருக்கும், உள்ளே சரக்கு குறைந்திருக்கும். எப்படி? மாமாவும் பேத்தியும் மாறி மாறி ஊகித்தார்கள், முடியவில்லை. “முத்திரையப் பாக்கறவன் ஏமாந்துடுவான். கைப்பிடிய கதவோட பிடிச்சிருக்கிற ஆணியப் பாக்கணும். அதைக் கழட்டிட்டு, வேலைய முடிச்சிட்டு, வேற ஆணி போட்டு பெயின்ட் அடிச்சிருப்பாங்க. கதவெல்லாம் வெயில்ல வெளுத்து உப்புக் காத்துல துரு ஏறியிருக்கும், ஆணி மட்டும் பளபளன்னு இருக்கும். விரலால தேச்சா சில சமயம் பெயின்ட் ஒட்டும்.” சொல்லிவிட்டுக் கட்டைவிரலால் நாற்காலிக் கையைத் தேய்த்துக் காட்டினான். மாமா அவனை ஏறிட்டுப் பார்த்து, “இதுதான்டா ஹோம்ஸ்” என்றார். தீபாவளி தீபாவளியாக நடந்த வழக்கில் எங்கள் தரப்புக்கு அவர் எழுதிக் கொடுத்த ஒரே தீர்ப்பு அது.

2017 செப்டம்பர் 14ஆம் தேதி மிஷ்கினின் ‘துப்பறிவாளன்’ வெளிவந்தது. கிள்ளானிலேயே பார்த்தோம். விஷாலின் துப்பறிவாளருக்குக் கணியன் பூங்குன்றன் என்று பெயர். வாட்சனின் இடத்தில் பிரசன்னாவின் மனோகர். பாட்டு இல்லை. தன் நாய்க்குட்டியைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி, ஒரு பள்ளிச் சிறுவன் சேமித்து வைத்த பணத்தோடு வருகிறான். கணியன் அந்த வழக்கை எடுத்துக்கொள்கிறான், அது பெரிய கொலைகளுக்கு இட்டுச் செல்கிறது. டாயிலுக்கு நன்றி சொல்லி எடுத்த படம், ஆனால் அந்தச் சிறுவன் டாயிலிடமிருந்து வந்தவன் அல்ல. அரங்கை விட்டு வெளியே வந்ததும் நடைபாதையிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. வேகமும் வெடுக்குப் பேச்சும் கம்பர்பேட்ச் சாயல் என்றாள் அண்ணன் மகள். சண்டைக் காட்சி கூடுதல், யோசிக்கும் நேரம் குறைவு என்றேன் நான். “இருக்கட்டும், முதல்ல ஒருத்தன் வந்தானே” என்றான் அண்ணன். வெளியே வர முடியாமல் வீட்டிலிருந்த மாமாவுக்குத் தொலைபேசியில் கதையைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, துப்பு நியாயமாக இருந்ததா என்பது. பாதி இருந்தது என்றேன். பாதி இருந்தாலே பெரிது என்றார்.

அந்தச் சண்டையின் சுவையை நான் மறக்கவில்லை. லண்டன்காரர் ஒருவருக்காக ஏழு ஆண்டு வாதாடிய எங்கள் குடும்பம், முதல் முறையாக நம் மொழி பேசும் ஒருவனுக்காக அதே சூட்டோடு வாதாடியது. குறை சொல்லும் பார்வையாளரைப் பார்த்துப் படைப்பாளிகள் அஞ்ச வேண்டாம். மாமாவின் முகச்சுளிப்பும், என் தோழியின் கேள்வியும், அண்ணன் மகளின் கோப்பும் அந்தக் கதாபாத்திரம் தங்களுக்குச் சொந்தம் என்று அவர்கள் போட்ட உரிமை மனு. அப்படி உரிமை கோர ஆளில்லாத கதாபாத்திரம்தான் செத்துப்போகிறது.

இந்த நாட்டில் தமிழில் தொடர் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நூற்றாண்டைத் தாண்டிய தமிழ்த் துப்பறியும் மரபு நம் கையில் இருக்கிறது. முத்திரை உடையாத பெட்டகம் போர்ட் கிள்ளானில் இருக்கிறது, மருந்துக்கடைச் சீட்டில் சீன எண் இருக்கிறது, மூன்று மொழி பேசிக்கொண்டு கொமுட்டரில் வரும் ஆயிரம் முகங்கள் இருக்கின்றன. சங்கர்லாலை இங்கே அழைத்து வாருங்கள், அல்லது புதிதாக ஒருத்தியைப் படையுங்கள். கைபேசியைக் கொடுங்கள், தேநீரை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். துப்பை எங்கள் கண்முன் நியாயமாக வையுங்கள். குறை சொல்ல நாங்கள் ஒரு குடும்பமே தயாராக இருக்கிறோம்.